கேக் தின்ற ராணியும் ரொட்டியின் விலையும்

கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் வயிற்றுப் பேரன் போன வாரம் டிவியில் ஒரு கார்ட்டூன் படம் பார்த்துக்கொண்டிருந்தான். 2014-இல் வந்த 'மிஸ்டர் பீபாடி அண்ட் ஷெர்மன்'. பீபாடி என்பது கண்ணாடி போட்ட, எல்லாம் தெரிந்த ஒரு நாய். ஷெர்மன் அது தத்தெடுத்து வளர்க்கும் பையன். இருவரும் காலத்தில் பின்னால் போகும் இயந்திரத்தில் ஏறி, சரித்திரத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். முதலில் போய் இறங்குவது 1789, பிரெஞ்சுப் புரட்சி. அது காதில் விழுந்ததும் நானும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அந்தப் பலவீனம் உண்டு.

வெர்சாய் அரண்மனையில் ராணி மரி அந்துவானெத் கேக்கை வெளுத்து வாங்குகிறாள். ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்க உத்தரவு போட்டிருந்தால் புரட்சியே வந்திருக்காது, கேக் ஆசை விடவில்லை என்கிற பொருளில் நாய் ஆங்கிலத்தில் ஒரு சிலேடை சொல்கிறது. பேரன் சிரித்தான். நானும் சிரித்தேன். படம் முடிந்ததும் அவன் பாட்டியிடம் ஓடி, "பாட்டி, ராணி கேக் தின்னதாலதான் பிரான்ஸ்ல சண்டை வந்துச்சாம்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இதே கதையை அவன் அம்மாவுக்குச் சிறுவயதில் சொன்னவன் நான்தான்.

எனக்குச் சொன்னவர் பள்ளிக்கூடத்து முசியே. ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டுமே என்று ராணி சொன்னதை, விசிறியை வீசுவது போலக் கையை ஆட்டி நடித்தே காட்டுவார். நாங்களும் நம்பினோம். ஓய்வு பெற்ற பிறகு ரூசோவின் சுயசரிதையைப் பொறுமையாகப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த வார்த்தையை ஒரு பெரிய இளவரசி சொன்னதாக அவர் எழுதுகிறார். பெயர் இல்லை. சொல்லப்படுவதும் கேக் அல்ல. 'பிரியோஷ்' என்கிற, வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ரொட்டி. ரூசோ அதை எழுதியது 1760களில். மரி அந்துவானெத் பிறந்தது 1755-இல், வியன்னாவில். பிரான்சுக்குக் கல்யாணமாகி வந்ததே 1770-இல். ஊர் பேர் தெரியாத சிறுமியின் தலையில் யாரோ சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே படத்தில் ஷெர்மன் பள்ளிக்கூடத்தில் எழுந்து, ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டியது கட்டுக்கதை என்று சொல்கிறான். தங்கள் நாட்டுக் கட்டுக்கதையைச் சரியாகப் பிடித்தவர்கள் பிரான்ஸ் நாட்டுக் கதையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். 1789-லேயே கில்லட்டினும் வந்துவிடுகிறது. உண்மையில் அது முதன்முதலில் இறங்கியது 1792 ஏப்ரலில். நாயை அதற்கு அனுப்பும் ரொபெஸ்பியேர், 1791-இல் மரண தண்டனையே கூடாது என்று சபையில் பேசியவர்! அப்படிப்பட்டவர் பிறகு எப்படி மாறினார் என்பதல்லவா கதை?

கார்ட்டூனில் இவ்வளவு குற்றம் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நாய் பேசுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பசிக்குக் காரணம் ஒரு பெண்ணின் மண்டைக்கனம் என்று குழந்தை கற்றுக்கொண்டால், அது சிரித்துவிட்டுப் போய்விடும். விலை என்ன என்று கேட்காது. நான் சில வருடம் உணவுப் பொருள் வழங்கல் பிரிவில் கோப்பு பார்த்தவன். கிலோவுக்குச் சில காசு ஏறினால் ரேஷன் கடை வாசலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

1788 ஜூலையில் பிரான்சில் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. அடுத்து வந்த குளிரில் ஆறுகள் உறைந்து மாவு ஆலைகள் நின்றன. பாரீசில் நான்கு பவுண்டு ரொட்டி வழக்கமாக 8, 9 சூ விற்கும். 'சூ' என்பது அவர்களுடைய சில்லறைக் காசு. 1789 பிப்ரவரியில் அது பதினாலரை சூ ஆனது. கூலியாளின் நாள் சம்பளமோ 20-இலிருந்து 30 சூ வரைதான். அக்டோபர் 5 அன்று பெண்கள் மழையில் நனைந்துகொண்டு வெர்சாய்க்கு நடந்தார்கள். மறுநாள் ராஜாவையும் ராணியையும் இளவரசனையும் பாரீசுக்கு அழைத்து வந்தபோது, ரொட்டிக்காரர், ரொட்டிக்காரி, ரொட்டிக்காரப் பையன் என்று பெயர் வைத்தார்கள். நடந்தவர்களுக்கு எதற்காக நடக்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் முசியே சொன்னதை நாங்கள் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இந்தப் படத்தைப் பார்த்த பிறகு பேரன் என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டான். 25 சூ சம்பளத்தில் ரொட்டிக்குப் பதினாலரை போனால் மீதி பத்தரை.

"வாடகை, விறகு, துணி எல்லாம் இதுலயா தாத்தா?" என்றான்.

ஆகவே அன்பர்களே, பேரப் பிள்ளைகள் இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கட்டும். முடிந்ததும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். அன்று இரவே மகளுக்கும் போன் போட்டு, நான் முன்பு சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். எங்கள் அலுவலகப் பாஷையில் அதற்குப் பிழை திருத்தம் என்று பெயர். கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.