எதிர்காலத்திலும் பால் கறக்க வேண்டும்!

தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால், அங்குள்ள நடுகற்களின் முன்னால் சிறிது நேரம் நில்லுங்கள். பகைவர் ஓட்டிச் சென்ற மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்ட வீரர்களுக்காக, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் ஊரார் நட்டுவைத்த கற்களை அங்கே காணலாம். மாடுகள் திரும்பி வந்தன. வீரனுக்குக் கல்லும் நட்டாயிற்று. ஆனால் மறுநாள் விடியற்காலையில் அந்த மாடுகளைக் கறந்தது யார்? கன்றை அவிழ்த்து விட்டது யார்? அவர்களுக்குக் கல் இல்லை.

நாம் விரும்பிப் படிக்கும் விஞ்ஞானக் கதைகளில் பெரும்பாலானவை நடுகற்களைப் போன்றவையே. விண்கலங்கள் மோதும்; வேற்றுக்கிரகவாசிகள் படையெடுப்பார்கள்; ஒருவன் உலகத்தைக் காப்பாற்றுவான். அதோடு கதை முடிந்துவிடும். மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை.

அந்த மறுநாளை மட்டுமே சொல்லும் கதைகளும் உண்டு. ஜப்பானியர்கள் அவற்றைச் சித்திரக்கதைகளாக வரைந்திருக்கிறார்கள். சித்திரக்கதைக்கு அவர்கள் மொழியில் 'மாங்கா' என்று பெயர். (எங்கள் மாவட்டத்து மாந்தோப்புகளுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது!)

ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். ஹிதோஷி அஷினானோ என்பவர் 1994 முதல் 2006 வரை ஒரு மாத இதழில் வரைந்த கதை அது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'யோகோஹாமாவுக்குச் சாமான் வாங்கப் போன குறிப்புகள்' என்று வரும். கடல் மட்டம் உயர்ந்து ஜப்பானின் கரையோர ஊர்கள் முழுகிவிட்டன. மக்கள் தொகை மிகவும் குறைந்துவிட்டது. மேட்டு நிலத்தில் ஒரு சிறு காப்பிக் கடை. அதை நடத்துபவள் ஆல்ஃபா என்ற இயந்திரப் பெண். கடையின் சொந்தக்காரர் எங்கோ பயணம் போயிருக்கிறார். அவள் காத்திருக்கிறாள். காப்பிக்கொட்டை தீர்ந்தால் ஸ்கூட்டரில் ஏறி யோகோஹாமாவுக்குப் போகிறாள். ஒரு நாள் மாலை, முழுகிப்போன ஊரின் தெருவிளக்குகள் தண்ணீருக்கடியில் வரிசையாக எரிவதைப் பார்க்கிறாள். சண்டை இல்லை, வில்லன் இல்லை. பதினான்கு தொகுதிகளும் இப்படியே போகின்றன! 2007-ஆம் ஆண்டில் ஜப்பானின் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் தங்கள் 'செய்யுன்' விருதை இந்தக் கதைக்குத்தான் கொடுத்தார்கள்.

"இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கோஸுவே அமானோ என்ற பெண்மணி வரைந்த 'ஆரியா' கதையைப் பாருங்கள். செவ்வாய்க் கிரகத்தைக் கடல் சூழ்ந்த உலகமாக மாற்றி மனிதர்கள் குடியேறிவிட்டார்கள். அங்கே வெனிஸ் போன்ற ஒரு நகரம். படகோட்டப் பழகும் ஒரு பெண்தான் கதாநாயகி. அந்த ஊரில் வருடத்துக்கு இருபத்துநான்கு மாதம்! ஏன்? செவ்வாய் சூரியனை ஒரு முறை சுற்றிவர நம் கணக்கில் 687 நாட்கள் ஆகின்றன. அதன் அச்சும் பூமியைப் போலவே, சுமார் 25 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே பருவங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரு மடங்கு நீளம். பாடப் புத்தகத்தில் 687 என்பது ஓர் எண். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். கோடைக்காலம் ஆறு மாதம் நீண்டால் விடுமுறை எத்தனை நாள், பிறந்தநாள் எப்போது வரும் என்று யோசித்துவிட்டால் அந்த எண் மறக்குமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செவ்வாயில் நமக்கு எட்டக்கூடிய கரியமில வாயு முழுவதையும் வெளியேற்றினாலும், அந்தக் கிரகத்தைப் போதிய அளவு சூடாக்க முடியாது என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஆகவே டிக்கெட் வாங்க அவசரப்படாதீர்கள்!

நம்மவர்களுக்கும் இந்த ருசி தெரியாததல்ல. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2021-ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. அதில் சர்வாதிகாரம் உண்டு, சதி உண்டு. ஆனால் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் சொல்வது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைப் பற்றித்தான். நிஜமான 2021-உம் வந்து போய்விட்டது. முகமூடி அணிந்துகொண்டு கைப்பேசியில் பாடம் கேட்டோம். எந்த விஞ்ஞானக் கதைக்கும் குறையாத அந்த நாட்களிலும் வீட்டில் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்தக் கதைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் ஒரு மனக்குறை உண்டு. ஆல்ஃபாவின் ஊரில் கடல் ஏறிக்கொண்டே வருகிறது. பாதை ஒன்று முழுகினால் சற்று வருத்தப்பட்டுவிட்டு மறு பாதையில் போகிறார்கள். அது ஏன் ஏறுகிறது, நிறுத்த முடியுமா என்று எவரும் பதறுவதில்லை. அமைதியாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் தருமபுரியில் வளர்ந்தவர்களுக்கு அந்த அமைதி பயத்தைத் தரும். இங்கே பல ஊர்களில் நிலத்தடிப் பாறைகளிலிருந்து புளோரைடு கரைந்து கிணற்று நீரில் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் குடிநீரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது வரம்பு. மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். தண்ணீரைக் காய்ச்சினாலும் புளோரைடு போகாது. பார்க்கத் தெளிவான நீர், குடித்தால் தெரியாது! "இந்த ஊர்ப் பல்லே இப்படித்தான்" என்று சொல்லி ஊர் வாழ்ந்தது. களத்துமேட்டில் கேழ்வரகு காய்ந்தது, குடத்தில் தண்ணீர் நிறைந்தது, மாலையில் தாத்தாக்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்கள். இதுவும் இதமான அன்றாட வாழ்க்கைதான். ஆனால் யாரோ ஒருவர் அந்தக் குடத்துத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் தொடங்கி 2013-இல் திறக்கப்பட்டது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது எந்த நாடு தெரியுமா? மாங்கா வரையும் அதே ஜப்பான்தான்! திறப்பு விழாச் செய்தி பத்திரிகைகளில் வந்தது. குழாயடியில் முதல் குடத்தைப் பிடித்தவர் என்ன நினைத்தார்? வந்த தண்ணீரின் ருசி எப்படி இருந்தது? பழைய கிணற்றை அப்புறம் என்ன செய்தார்கள்? இவற்றைப் பத்திரிகையில் தேடினால் கிடைக்காது. பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விஞ்ஞானக் கதை எழுத உட்கார்ந்தால் விண்கலத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இன்றைக்கு நூறு ஆண்டு கழித்துப் பென்னாகரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காவிரியில் அப்போது எவ்வளவு தண்ணீர் ஓடும்? சித்திரை வெயில் எத்தனை பாகை? அடுப்புக்கு எரிபொருள் என்ன? கேழ்வரகுக் களி கிண்டுவது யார், இயந்திரமா, அம்மாவா? மாடு இருந்தால் அதைக் கறப்பது யார்? காலை ஐந்து மணி. கொட்டகையில் கன்று கத்துகிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.