மிச்சம் பிடித்த பணம் எங்கே சேர்கிறது?

வீட்டுக் கடனை விரைவில் அடைத்துவிட வேண்டும் என்று எண்ணாத குடும்பம் இல்லை. பெங்களூரு ஆஸ்டின் டவுனில் சிறு மனையில் மாடி எழுப்பியவர்களும், அருகில் விவேக் நகர், ஈஜிபுரா பக்கம் அடுக்ககத்தில் வீடு வாங்கியவர்களும் வங்கிக்கு வரும்போது சொல்வது பெரும்பாலும் ஒன்றே: சிக்கனமாகத்தான் வாழ்கிறோம், கடன் மட்டும் குறையக் காணோம். இதற்குக் காரணம் சிக்கனத்தில் உள்ள குறை அன்று. மிச்சம் பிடித்த பணம் கடன் கணக்குக்கு வந்து சேராததே என்பது என் கருத்து.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 லட்சம் ரூபாய்க் கடன், 20 ஆண்டுக் காலம், 8.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே. காலம் முழுவதும் கட்டினால் வட்டி மட்டும் ஏறத்தாழ 32.5 லட்சம். இதே குடும்பம் முதல் மாதத்திலிருந்தே 3,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால், கடன் 15 ஆண்டு 7 மாதத்தில் முடியும், வட்டியில் 8.3 லட்சம் ரூபாய் மிஞ்சும். நாளொன்றுக்கு நூறு ரூபாய் செய்யும் வேலை இது.

அந்த நூறு ரூபாய்க்கு வழி உண்டா? கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் பெண்கள் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அதே ஆண்டு முதல் வீடுகளுக்கு, வரம்புக்கு உட்பட்டு, 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். இவற்றோடு வெளிச் சாப்பாட்டில் ஒருவேளை, ஆட்டோவில் ஒரு பயணம், பயன்படுத்தாத சந்தா என்று சேர்த்தால் தொகை கூடும். ஆனால், இந்த மிச்சம் பணமாகக் கண்ணில் படுவதில்லை. வேறு செலவில் கரைந்துவிடுகிறது. சிறுதுளி பெருவெள்ளமாவது ஏரியில் சேர்ந்தால்தான். மணலில் விழுந்தால் காய்ந்துபோகும்.

ஆகவே, சம்பளம் வரவான மறுநாளே கூடுதல் தொகை தானாகக் கடன் கணக்குக்குச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். அதை அசலில் வரவு வைக்கவும், தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கவும் எழுத்து மூலம் கேளுங்கள். மாறுபடும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதத்திலேயே ஆணையிட்டுவிட்டது.

காலத்தைக் கவனிப்பது ஏன் முக்கியம்? 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. பலருக்குத் தவணை உயரவில்லை, காலம் நீண்டது. நாற்பத்தைந்து வயதில் கடன் வாங்கியவருக்கு இதன் பொருள், ஓய்வூதியத்திலும் தவணை கட்டுவது. வட்டி மாறும்போது, தவணையா காலமா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு அளிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. 2025இல் பிப்ரவரி முதல் ஜூன் வரை அந்த விகிதம் 5.5 சதவீதமாக இறங்கியது. வட்டி இறங்கும்போது பழைய தவணையையே தொடருங்கள். வீட்டுச் செலவில் கை வைக்காமலே காலம் சுருங்கும்.

வீட்டுக் கடனுக்கு வருமான வரிச் சலுகை உண்டே, ஏன் அடைக்க வேண்டும் என்பர் சிலர். பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வட்டிக் கழிவு உண்டு. புதிய முறையில் அது இல்லை. சலுகை உள்ளவருக்கும், நூறு ரூபாய் வட்டி கட்டி முப்பது ரூபாய் வரியை மிச்சப்படுத்துவது இலாபமாகாது.

எனினும், சிக்கனத்துக்கும் எல்லை வேண்டும். கடன் அட்டை நிலுவையும் கைமாற்றுக் கடனும் இருந்தால் முதலில் அவற்றை அடையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாதீர்கள்; அசலில் செலுத்தியதை அவசரத்துக்குத் திரும்பப் பெறுவது பெரும்பாலான கணக்குகளில் இயலாது. பெற்றோரின் மருந்தும் காப்பீட்டுப் பிரீமியமும் சிக்கனப் பட்டியலில் வரக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல இல்லங்களில் சிக்கனம் அடுக்களையில் தொடங்கி அடுக்களையிலேயே முடிகிறது. கணவரின் செலவு கணக்கில் வருவதே இல்லை. ஒருவர் தலையில் மட்டும் சுமத்தப்படும் சிக்கனம் ஆண்டுக்கணக்கில் நிலைக்காது. எதைக் குறைப்பது என்பதை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்வதே முறை.

வட்டி வங்கியின் வருமானம். ஆயினும், பணியில் இருக்கும்போதே கடனை முடிக்கும் வாடிக்கையாளர்தான் வங்கியின் நீண்டகால உறவு. கடன் முடிந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணமாகத் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. அந்தப் பத்திரம், கடைசிச் சம்பளத்துக்கு முன்பே உங்கள் கைக்கு வரட்டும்.