புட்டிக்குள் என்ன நடக்கிறது?

வீட்டில் பியர் காய்ச்சும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “அடைத்து நாலு நாளாச்சு, வாயு ஏறியிருக்குமா? ஒன்றைத் திறந்து பார்க்கட்டுமா?” என்பதுதான். திறந்தால் அந்தப் புட்டி போச்சு. திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

அடைக்கும் நாளில் ஒரே ஒரு புட்டியை மட்டும் பிளாஸ்டிக்கில் நிரப்புங்கள். பழைய சோடாப் புட்டி போதும். கிருமி நீக்கியிருக்க வேண்டும். முதல் நாள் அழுத்தினால் விரல் அமுங்கும். சேர்த்த சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தின்ன, வெளியேற வழியில்லாத கரியமில வாயு அழுத்தத்தைக் கூட்டும். கடையில் வாங்கிய புதுச் சோடாபோல் அது கல்லாக இறுகினால், கூடவே அடைத்த கண்ணாடிப் புட்டிகளும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கும்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் இரண்டு வாரம் என்கும். அது 20 டிகிரிக் கணக்கு. இட்லி மாவு ஒரே இரவில் பொங்கிவிடும் நம் ஊரில், ஒரு வாரத்திலேயே புட்டி இறுகிவிடுவதுண்டு. குளிரூட்டிய அறையில் வைத்தால் தாமதமாகும். அப்போது புட்டியை மெதுவாகக் கவிழ்த்து, அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்கிவிட்டு, வெப்பமான இடத்துக்கு மாற்றுங்கள்.

திறக்கும்போது ‘புஸ்’ என்றதும் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். அது மேலே தங்கிய வாயு. பியருக்குள் கரைய இன்னும் நாள் பிடிக்கும். குளிர்ந்த திரவத்தில்தான் வாயு நன்றாகக் கரையும் என்பதால், இறுகிய பிறகு ஓரிரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் திறப்பதே சரி.

எனக்கு உண்மையில் கவலை தருவது வாயு குறைவது அல்ல, கூடுவது. கண்ணாடி வெடித்தால் சில்லுகள் பறக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது விளையாட்டில்லை. ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவைக் காட்டாமல் அடைக்கவே அடைக்காதீர்கள். சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராம் போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசு வாங்குங்கள். மெல்லிய கண்ணாடிப் புட்டியும் வேண்டாம். பிளாஸ்டிக் புட்டியின் அடி புடைத்துக்கொண்டு வந்தால் எல்லாவற்றையும் உடனே குளிரில் வையுங்கள். ஈஸ்ட் அடங்கும், அழுத்தம் இறங்கும். எடுக்கும்போது தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு ஒரு குடும்பம் மாதம் 30 லிட்டர் வரை உரிமமின்றிக் காய்ச்சலாம். விற்கக்கூடாது. காய்ச்சி வடிப்பதற்கும் இந்தச் சலுகை இல்லை.

புட்டிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, பிள்ளைகள் கை படாத இருட்டு மூலையில் வையுங்கள். பிளாஸ்டிக் புட்டியைத் தினமும் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும்.