நுரையீரலின் உறை

ஆட்டு ஈரலைச் சமைக்குமுன் அதன்மேல் பளபளவென்று ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரித்தெடுப்பது நம் இல்லத்துப் பெண்மணிகளுக்குக் கைவந்த வேலை. குடலைக் கழுவுகையில் அதன் மடிப்புகளைப் பிணைத்து நிற்கும் கண்ணாடி போன்ற ஜவ்வையும் அவர்கள் அறிவார்கள். கறிக்கு உதவாதென்று எறியப்படும் அந்த ஜவ்வைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினோம். நாம் ரயில்வேயில் கணக்கெழுதுபவர், வைத்தியர் அல்லோம். எனினும் ஏலூர், களமசேரி, இடையாறு பகுதிகளில் கூலிவேலைக்கு வந்திருக்கும் நம்மவர் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இதில் உண்டு.

உடம்பினுள் இருவகைச் சவ்வுகள் உள்ளன. வாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பது சளிச்சவ்வு. வாய் வழியே வெளியுலகோடு தொடர்புடையது அது. மற்றொன்று, எந்த வழியும் திறவாத அறைகளில் உறுப்புகளை மூடியிருக்கும் நீர்ச்சவ்வு. நுரையீரலுக்கும், இதயத்துக்கும், வயிற்றிலுள்ள உறுப்புகளுக்கும் இத்தகைய உறைகள் உண்டு.

இவ்வுறை அமைந்திருக்கும் விதம் விந்தையானது. காற்றுக் குறைந்த பலூன் ஒன்றினுள் முஷ்டியை அழுத்திப் பாருங்கள். முஷ்டியைத் தழுவி ஒரு படலமும், அதற்கு வெளியே மற்றொரு படலமும் நிற்கும். இரண்டும் ஒரே பையின் பகுதிகளே. நுரையீரலை ஒட்டியது உட்படலம். விலாவெலும்புச் சுவரை ஒட்டியது வெளிப்படலம். இடையே சில தேக்கரண்டி அளவு நீர் மட்டும் உண்டு. நாளொன்றுக்கு இருபதினாயிரம் தடவைக்கு மேல் மூச்சு விடுகிறோம். அத்தனை தடவையும் இரு படலங்களும் உராயாமல் வழுக்கிச் செல்வது அந்தச் சிறிதளவு நீரினால்தான்.

அந்நீரைச் சுரப்பதும் காப்பதும் படலத்தின் மேற்பரப்பிலுள்ள கலங்களே. தளத்தில் பதித்த கற்களைப்போல் அவை ஒன்றோடொன்று நெருங்கி ஒரே ஒரு வரிசையாகப் படிந்திருக்கின்றன. ஒரு கலத்தின் அகலம் ஏறக்குறைய 25 மைக்ரான். கனமோ சில மைக்ரான்களே. (ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான்.) பூதக்கண்ணாடிக்கும் எட்டாத நுண்ணிய மயிர்கள் அக்கலங்களின் மேல் வெல்வெட்டுத் துணியைப்போல் நிறைந்திருக்கின்றன. கலவரிசைக்கு அடியில் மெல்லிய ஆதாரத் தகடு. அதற்கும் கீழே நாரும், மீள்சக்தியுள்ள இழைகளும், இரத்த நாளங்களும், நிணநீர்க் குழாய்களும் கலந்த திசு. அவ்வளவுதான். இவ்வளவு மெல்லிய சுவரை நம்பியே மூச்சு நடைபெறுகிறது.

இன்னொன்றும் அறியத்தக்கது. வெளிப்படலத்தில் வலியை உணர்த்தும் நரம்புகள் உண்டு; உட்படலத்தில் அவை இல்லை. ஆகவே நுரையீரலுக்குள் தீங்கு பல காலம் வளர்ந்தாலும் வலியே தெரியாமலிருக்கக் கூடும். வெளிப்படலம் தாக்கப்பட்ட பின்னரே, மூச்சை இழுக்குந்தோறும் குத்துகிற வலி எழுகிறது. உதரவிதானத்தின் நடுப்பகுதியை மூடிய படலம் தாக்கப்பட்டால் வலி தோள்பட்டையில் தெரிவதுண்டு! வேலைச் சுமையால் வந்த பிடிப்பென்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்போர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

இந்த ஒற்றைக் கலவரிசைக்குப் பெரும் பகையாய் வாய்த்தது கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லோர்க்கும் தெரியும். உடைக்க உடைக்க நீளவாட்டில் மேலும் மேலும் நுண்ணிய ஊசிகளாகப் பிளப்பது அதன் இயல்பு. மூச்சோடு உட்சென்ற ஊசிகளுள் சில நுரையீரலின் கடைசி அறைகளைக் கடந்து உறையை அடைகின்றன. அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் காவற்கலங்கள், தம்மைவிட நீளமான ஊசியை விழுங்க மாட்டாமல் திணறுகின்றன. புண்ணும் அழற்சியும் நீடிக்கின்றன. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து அங்கே புற்று தோன்றக் கூடும்.

1960-ஆம் ஆண்டில் வாக்னர் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும், தென்னாப்பிரிக்காவில் இவ்வுறைப் புற்று 33 பேருக்கு வந்ததையும், அவர்களுள் பெரும்பாலோர் கேப் மாகாணத்தின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு தொடர்புடையோர் என்பதையும் எழுதி வெளியிட்டனர். அவர்களுள் சுரங்கத்தில் இறங்காதோரும் இருந்தனர். 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ஸன் இருவரும் செய்த ஆராய்ச்சி நம் மனத்தை மேலும் உலுக்குகிறது. ஆலையை எட்டிப் பாராத பெண்களுக்கும் இந்நோய் வந்திருந்தது. கணவர்மார் அணிந்து வந்த தூசு படிந்த உடைகளைத் துவைத்தது அவர்கள் செய்த வேலை.

பிரிட்டன் 1999-இல் எஞ்சியிருந்த வெள்ளைக் கல்நாரையும் தடைசெய்தது. நம் நாட்டிலோ இறக்குமதியும் தகடு செய்தலும் தொடர்கின்றன. கூரைமேல் முழுதாகக் கிடக்கும் தகட்டைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அறுப்பதும், துளையிடுவதும், உடைத்து வாருவதுமே ஆபத்து. மட்டாஞ்சேரியில் பழங் கிடங்குக்குக் கூரை மாற்றுவோர், பழைய ஆலைக் குழாய்களில் சுற்றிய காப்புறையைப் பிரித்தெறிவோர் யார்? பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு நிற்கும் நம்மவர்களும் வடநாட்டுப் பிள்ளைகளுமே. தகட்டை நீரால் நனைத்து வேலை செய்வதும், வேலையுடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் ஈரமாகவே தனியே அலசுவதும் செலவில்லாத காரியங்கள். முகத்தில் கைக்குட்டை கட்டுவது இவ்வூசிகளைத் தடுக்காது.

1995 ஜனவரி 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர் வழக்கில் முக்கியமான தீர்ப்பொன்று அளித்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்றது. தொழில்நோய்களின் சட்டப் பட்டியலிலும் கல்நாரால் வரும் உறைப் புற்றுக்கு இடமுண்டு. ஆயினும், பெயரே எழுதப்படாத நாட்கூலிக்காரருக்குப் பதிவேடு எங்கிருந்து வரும்? இங்கே முப்பது வயதில் தூசு குடித்தவர், அறுபதாம் வயதில் சங்கரன்கோவிலிலோ பெரியகுளத்திலோ மூச்சுத் திணறிப் படுப்பார். இளமையில் கேரளத்தில் என்ன வேலை செய்தீரென்று அங்கே கேட்பார் இரார். இவருக்கும் சொல்லத் தோன்றாது. ரசீதில்லாத பார்சலுக்கு உரிமை கோருவது எத்துணைக் கடினம் என்பதை நாம் தொழிலால் அறிவோம்.

ஆகவே அன்பர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த ஒப்பந்தக்காரர், எந்த இடம், என்ன வேலை, தூசு இருந்ததா, உடன் வேலை செய்தோர் யார் என்று எழுதிவையுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை, சேமநிதி எண், கூலிச் சீட்டு எது கிடைத்தாலும் அதனுள் செருகுங்கள். துணி துவைத்த மனைவியின் பெயருக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஊர் திரும்பும்போது புத்தகமும் உடன் போகட்டும். நெஞ்சு வலிக்கென்று எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதை முதலில் காட்டுங்கள்.