பழைய கணனிக்கு இன்னும் சில ஆண்டு



இரண்டு மாதங்களுக்கு முன் வன்னியில் ஒரு மாதர் சங்கத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புக் கணக்கு வாசித்து முடிந்து தேநீர் குடித்த பிறகு, சங்கத்தின் செயலாளர் அக்கா என்னை மூலையில் இருந்த கணனிக்கு முன்னால் கூட்டிச் சென்றார். மீள்குடியேறிய பின் நன்கொடையாகக் கிடைத்த கணனி அது. விண்டோஸ் 10 போடப்பட்டிருந்தது. நகரத்தில் ஒரு கடையில் காட்டியபோது, "இது இனிச் சரிவராது. பழசைத் தந்துபோட்டுப் புதுசு எடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். புதியதின் விலை ஒரு இலட்சத்துக்கும் மேல். கடன் எடுப்பதா, விடுவதா என்று உறுப்பினர்கள் இரண்டு பட்டு நின்றார்கள்.

அக்காவின் கவலை வேறு. "தங்கச்சி, காணாமற்போன எங்கட பிள்ளைகளைப் பற்றி எழுதின மனுக்கள் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. கடையில குடுத்தா அதுகளை ஆர் ஆர் பார்ப்பினமோ தெரியாது" என்றார்.

இதே பிரச்சினை உங்கள் சங்கத்திலும் இருக்கக்கூடும். எனவே இம்மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் மட்டும் 2026 ஒக்டோபர் வரை ஓராண்டு நீடிப்பு. திருத்தம் நின்றாலும் கணனி வேலை செய்யும். ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு பல பழைய கணனிகளில் இல்லை. கடைக்காரர் சொன்னது இதைத்தான். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. விண்டோஸ் மட்டும்தான் கணனியை இயக்கும் மென்பொருள் என்று இல்லை.

லினக்ஸ் என்று ஒன்று உண்டு. காசு கொடுக்கத் தேவையில்லை. பிரதி எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதும் சட்டப்படி சரியானதே. லினக்ஸில் பல வகைகள் இருந்தாலும், விண்டோஸில் பழகியவர்களுக்கு இலகுவானது லினக்ஸ் மின்ட். 2006இல் வெளியான இதன் முதற் பதிப்பின் பெயர் அடா. அன்று முதல் ஒவ்வொரு பதிப்புக்கும் பெண்ணின் பெயரையே வைக்கிறார்கள். 2024 யூலையில் வந்த 22ஆம் பதிப்பு வில்மா. அதன் தொடர்ச்சியாக 2025 ஜனவரியில் சியா, செப்டெம்பரில் ஸாரா வந்தன.

இது "நீண்டகால ஆதரவு" கொண்ட பதிப்பு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 24.04ஆம் பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. உபுண்டுக்காரர்கள் 2006இல் முதன்முதலாக நீண்டகாலப் பதிப்பு வெளியிட்டபோது மேசைக் கணனிக்கு மூன்று ஆண்டு ஆதரவு தந்தார்கள். 2012இலிருந்து அது ஐந்து ஆண்டாயிற்று. ஆகவே வில்மாவுக்கும் அவளுடைய தங்கைகளுக்கும் 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாக வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு ஆள் பிடிக்க அலையும் எங்கள் சங்கங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

ஒன்று, இடம். நிறுவி முடிந்ததும், ஆங்கிலத்தையும் நாம் தெரிவு செய்த மொழியையும் தவிர மற்ற மொழிகளுக்குரிய கோப்புகளை அது தானாகவே நீக்கிவிடுகிறது. சிறிய வன்தட்டு உள்ள பழைய கணனிக்கு இது உதவி.

இரண்டு, பாதுகாப்பு. மென்பொருள் எடுக்கும் பகுதியில், வெளியிலிருந்து வரும் பிளட்பக் வகை மென்பொருட்களில் செய்தவர் யாரென உறுதிப்படுத்தப்படாதவை இப்போது கண்ணில் படாமல் மறைக்கப்பட்டுள்ளன. அறியாமல் எதையாவது இறக்கிவிடும் பயம் குறைகிறது. அந்தப் பகுதி முன்பைவிட விரைவாகத் திறக்கவும் செய்கிறது.

மூன்று, ஒலி. ஒலியைக் கையாளும் பகுதியை மாற்றி, பைப்வயர் என்ற புதியதைப் போட்டிருக்கிறார்கள். இணையவழிக் கூட்டங்களில் இருப்பவர்களுக்கு இது பயன்படும்.

நான்கு, ஸாராவில் கைரேகையால் உள்நுழைவதற்கு ஒரு சிறு மென்பொருள் சேர்ந்திருக்கிறது. கைரேகை வாங்கும் கருவி உள்ள மடிக்கணனிகளுக்குத்தான் இது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப்படுவது புதிய அம்சம் அல்ல. நிறுவும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் இடத்தில், உங்கள் கோப்புறையை மறைகுறியாக்கவா என்றும் கேட்கும். "ஆம்" என்றால், கணனியை யார் எடுத்துப் போனாலும் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே இருப்பதை வாசிக்க இயலாது. ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் உங்களுக்கும் திறக்காது. இதை இரண்டு முறை யோசித்துச் செய்யுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விண்டோஸுக்கென்று செய்த கணக்கு மென்பொருட்கள் இதில் அநேகமாக ஓடா. மைக்ரோசொப்ட் வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் இருக்கும். பிரதேச செயலகத்துக்குக் கடிதம் அனுப்பும்போது வேர்ட் வடிவத்தில் சேமித்து அனுப்பவேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களைத் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக்கள் கலைந்து கிடப்பதுபோல் தெரியும். பயப்பட வேண்டாம். பழைய கணனியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பையும் பிரதி எடுத்து இதில் சேர்த்தால் சரியாகிவிடும். தமிழைத் தெரிவு செய்தாலும் திரையில் எல்லாச் சொற்களும் தமிழில் வராது. ஆனால் யுனிகோட்டில் தமிழ் அடிக்கத் தடை இல்லை.

செய்யும் ஒழுங்கு இதுதான். முதலில் எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். அந்தப் பிரதிகளை வேறு கணனியில் திறந்து பாருங்கள். நிறுவும்போது பழையது முழுவதும் அழிந்துபோகக்கூடும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. அடுத்து, கணனி 64 பிட் வகையா, ரேம் எனப்படும் நினைவகம் குறைந்தது 2 ஜீபி உண்டா என்று பாருங்கள். 4 ஜீபி இருந்தால் நல்லது. பழைய கணனிக்கு எக்ஸ்எப்சீ என்ற பாரம் குறைந்த முகப்பு பொருத்தம். யூஎஸ்பி பென் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, கணனியில் நிறுவாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி வேலை செய்கிறதா, இணையம் வருகிறதா, தமிழ் தெரிகிறதா என்று பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு நிறுவுங்கள்.

எப்படியும் பழைய கணனியைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், உள்ளிருக்கும் வன்தட்டைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அழித்த கோப்பை மீட்டெடுக்கும் வழிகள் பல உண்டு.

சென்ற வாரம் மீண்டும் அந்தச் சங்கத்துக்குப் போனேன். உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, ஒரு பகலில் வேலையை முடித்திருந்தாள். கடன் எடுக்கவில்லை. அச்சுப்பொறி மட்டும் முதல் இரண்டு நாள் மக்கர் பண்ணியதாம். செயலாளர் அக்காவின் பெயரில் தனிக் கணக்கு, மறைகுறியாக்கப்பட்ட கோப்புறை. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, கடித உறையில் ஒட்டி, தலைவியிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றுமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்ர மகன்ட மனு இருக்கோ எண்டு முதல்ல அதைத்தான் திறந்து பார்த்தனான்" என்றார் அக்கா. "இருக்குத் தங்கச்சி. எழுத்தும் சரியாய்த் தெரியுது."

உங்கள் சங்கத்துக் கணனியையும் யாராவது எறியச் சொன்னால், முதலில் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பிறகு முடிவெடுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.