இறுக்கிக் கட்டினால் இருட்டு வராது! ஸ்லீப் மாஸ்க் வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை

காலை 8.30 மணி. வீடே பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தப் பெண் மட்டும் தூங்கப் போகிறார். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு, வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். இரவு மறுபடியும் டியூட்டி.

ஜன்னலுக்குத் திரை இருக்கிறது. ஆனாலும் சித்திரை வெயில் ஏதாவது ஓர் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடுகிறது. துப்பட்டாவை மடித்துக் கண்ணில் கட்டிப் பார்த்தார்; நழுவியது. இன்னும் இறுக்கிக் கட்டினார். எழுந்தபோது தலைவலி, கொஞ்ச நேரத்துக்குப் பார்வை மங்கல். தம்பி விமானப் பயணத்தில் கொடுத்ததாகக் கொண்டுவந்த மெல்லிய மாஸ்க்கைப் போட்டார். மூக்கின் இரு பக்கமும் வெளிச்சம் கசிந்தது. பிறகு ஆன்லைனில் 'சில்க்' என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினார். வியர்வையில் நனைந்து, கண்ணைச் சுற்றி அரிப்புதான் மிச்சம்.

இப்படி மூன்று தடவை ஏமாந்தவர்கள், 'நமக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஒத்துவராதது மாஸ்க் அல்ல, தேர்ந்தெடுத்த விதம்.

கண்ணை மூடினால் போதாதா?

போதாது. இமை என்பது மெல்லிய தோல்தான். மூடியிருந்தாலும் ஓரளவு வெளிச்சம் உள்ளே போகும். நம் விழித்திரையில், பார்ப்பதற்கு உதவும் செல்களைத் தவிர, 'இது பகலா, இரவா' என்று மூளைக்குத் தகவல் சொல்லும் செல்களும் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் 'பகல்' என்று செய்தி போகிறது. இரவு நேரத்தில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோன் குறைகிறது. உடலுக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளைஞர்களிடம் நடத்திய ஆய்வும் கவனிக்கத்தக்கது. மாஸ்க் போட்டுத் தூங்கியவர்கள், மறுநாள் புதிதாகக் கற்பதிலும் சுறுசுறுப்பிலும் மேலாக இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கண் இருக்கும் இடத்தில் ஓட்டை போட்ட மாஸ்க்கையும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன், வெளிச்சத்தைத் தடுத்த மாஸ்க்குக்குத்தான்.

தட்டையா, கிண்ணமா?

கடைகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, தட்டையான துணி மாஸ்க். லேசானது, பையில் மடித்து வைக்கலாம். ஆனால் இமை மேலேயே படியும். இன்னொன்று, கண் இருக்கும் இடத்தில் கிண்ணம்போல் குழிந்த ஃபோம் மாஸ்க். இதற்குள் கண்ணைத் திறந்து மூடலாம். இமை முடி தட்டாது. கனவு வரும் உறக்கத்தில் கண் விழிகள் வேகமாக அசையும். அதற்கும் இடம் இருக்கும். கண்ணில் எதுவும் பட்டால் எரிச்சல் வருபவர்களுக்கு இதுவே வசதி.

ஆனால் ஒருக்களித்துப் படுப்பவர்கள் கவனம். கிண்ணத்தின் ஓரம் தடிமனாக இருந்தால் தலையணையில் அழுந்தி, மாஸ்க் விலகிவிடும். பொட்டுப் பக்கம் மெல்லிதாக இருக்கும் மாடலாகப் பாருங்கள்.

மூக்கும் பட்டையும்

வெளிச்சம் பெரும்பாலும் நுழைவது மூக்கின் இரு பக்கமும்தான். அதை அடைக்கப் பலரும் பட்டையை இறுக்குகிறார்கள். இடைவெளி அடைபடாது, கண்ணில் அழுத்தம் கூடுவதுதான் மிச்சம். மூக்குப் பகுதியில் தனியாக ஒரு மடிப்போ, மெத்தென்ற திண்டோ இருக்கிற மாஸ்க் வாங்கினால், தளர்வாகப் போட்டாலே இருட்டாகும்.

பட்டை அகலமாக, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படி இருக்கட்டும். வெல்க்ரோ வைத்த பட்டை நீளமான கூந்தலில் சிக்கி முடியைப் பிடுங்கும். நகர்த்தி மாட்டும் கொக்கி நல்லது. பின்னல் போட்டுத் தூங்குபவர்கள், கொக்கி பின்னலுக்கு நேராக வராமல் பக்கவாட்டில் வருகிறதா என்று பாருங்கள்.

'சில்க்' என்றால் பட்டுதானா?

பெரும்பாலும் இங்கேதான் ஏமாற்றம். 'சாட்டின்' என்பது நெசவின் பெயர். நூலின் பெயர் அல்ல. பாலியஸ்டரிலும் சாட்டின் நெய்யலாம். அதுவும் பளபளக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. அசல் பட்டு என்றால் 'மல்பெரி சில்க்' என்று குறிப்பிட்டிருப்பார்கள். துணியின் எடையை 'மொம்மே' என்ற அளவில் 19, 22 என்று போட்டிருப்பார்கள். நம் நாட்டுத் தயாரிப்பு என்றால் மத்தியப் பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பட்டுக்குச் செலவு செய்ய விருப்பமில்லையா? ஏ.சி இல்லாத அறைக்கு மெல்லிய பருத்தித் துணியே போதும். வியர்க்கும் ஊரில் பளபளப்பைவிட உறிஞ்சும் தன்மைதான் முக்கியம்.

பத்து நிமிட சோதனை

மாஸ்க் கைக்கு வந்ததும் பகல் வெளிச்சத்தில், வழக்கமாக எப்படிப் படுப்பீர்களோ அப்படியே படுத்து, பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள்.

* கண்ணைத் திறந்து கீழே மூக்குப் பக்கம் பாருங்கள். வெளிச்சம் கோடாகத் தெரிகிறதா?
* இரண்டு பக்கமும் புரண்டு படுங்கள். மாஸ்க் இடம் மாறுகிறதா?
* கழற்றியதும் பார்வை மங்கலாக இருக்கிறதா, நெற்றியில் ஆழமான தடம் விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் இறுக்கம் அதிகம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள், போட்டுப் பார்த்த பிறகு திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதை முதலிலேயே படித்துவிடுங்கள்.

யாருக்கு எச்சரிக்கை?

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும், கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மணிகள் நிரப்பிய கனமான மாஸ்க் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டே படுக்க வேண்டும். கண்வலி இருந்தால், ஆறும்வரை மாஸ்க்குக்கு விடுமுறை. ஒருவர் மாஸ்க்கை இன்னொருவர் போடவே கூடாது. குழந்தைகளுக்குப் போட்டுவிட வேண்டாம்.

முக எண்ணெய், தலை எண்ணெய், வியர்வை எல்லாம் இதில்தான் சேரும். வாரம் ஒருமுறையாவது மென்மையான சோப்பு நீரில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். இரண்டு வாங்கிவைத்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

அந்தச் செவிலியர் இப்போது பயன்படுத்துவது குழிந்த பருத்தி மாஸ்க். பட்டையைத் தளர்த்தித்தான் போடுகிறார். ஆனால் வீட்டில் மாறியது அது மட்டுமல்ல. காலிங் பெல்லை மதியம் வரை அணைத்துவைக்கிறார்கள். "பட்டப்பகல்ல என்ன தூக்கம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார், இப்போது வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி மெதுவாகப் பேசச் சொல்கிறார்.

மாஸ்க் வெளிச்சத்தை மட்டும்தான் தடுக்கும். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றாலோ, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சுத் திணறினாலோ டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். மற்றபடி, இரவெல்லாம் வேலை பார்த்தவர்களுக்குப் பகல்தான் இரவு. அதைக் கெடுக்காமல் இருப்பது வீட்டில் உள்ள மற்றவர்கள் கையில் இருக்கிறது.