பெரட்டுக்களத்தில் ஆரோக்கியமான உபதேசம்

எட்டியாந்தோட்டையிலிருந்து தெரணியகலை வரையிலும், இரத்தினபுரியிலிருந்து இறக்குவானை வரையிலும் பரந்து கிடக்கும் தோட்டப் பிரதேசத்தில் தமிழர்களே சிறுபான்மையினர். அவர்களுள் கிறிஸ்தவர்கள் இன்னும் சிறியதொரு கூட்டத்தினர். ஆயினும் உபதேசத் தகராறுகளுக்கு அங்கே குறைவில்லை. ஞானஸ்நானம் தெளித்தா முழுக்கியா, ஓய்வுநாள் சனியா ஞாயிறா, நகை அணியலாமா கூடாதா என்று ஒரே லயத்தின் இரு காம்பராக்கள் ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தையற்றுப் போனதை நான் கண்டிருக்கின்றேன். இரு தரப்பாரும் தம்மிடம் இருப்பதே "ஆரோக்கியமான உபதேசம்" என்பர்.

இச்சொற்றொடர் வேதாகமத்தில் எங்கே வருகிறது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், ஆரோக்கியமான உபதேசத்துக்கு ஏற்றவற்றைப் பேசு என்று தொடங்குகிறது. அடுத்து ஏதோ நுணுக்கமான தத்துவம் வரும் என எதிர்பார்ப்போம். வருவதோ முதியவர்கள் எப்படி நடக்க வேண்டும், இளைஞர்கள் எப்படி நடக்க வேண்டும் என்ற வீட்டு விவகாரம். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் இந்த உபதேசத்துக்கு விரோதமானவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. கொலைகாரர், பொய்யர், பொய்யாணை இடுவோர் என்று நீளும் அப்பட்டியலில், மனிதரைத் திருடி விற்பவரும் இடம்பெறுகின்றனர். ஆள் வியாபாரம் உபதேசப் பிழை என்கிறார் பவுல்! அவர் கையாண்ட கிரேக்கச் சொல் உடல்நலத்தைக் குறிப்பது. நோயற்ற உடம்பைப் போல நோயற்ற போதனை. அதன் சோதனை நடத்தையில்தான்.

ரோமர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. விசுவாசிகளிடம் உபதேசம் ஒப்புவிக்கப்பட்டது என்று அங்கே சொல்லப்படவில்லை; உபதேசத்திடம் விசுவாசிகள் ஒப்புவிக்கப்பட்டார்கள் என்றே சொல்லப்படுகிறது. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, உங்களுக்கு ஒப்புவிக்கப்பட்ட உபதேசம் என்று எழுதி, இந்த நுட்பத்தை நழுவவிட்டுவிட்டது. ஆயினும் கீழ்ப்படிதலுக்கு முன்னால் "மனப்பூர்வமாய்" என்ற சொல்லை அழகாக இட்டிருக்கிறது. உபதேசம் என்பது நாம் பெட்டியில் பூட்டி வைத்துக் காவல் காக்கும் சொத்து அன்று. அதுவே நம்மை ஆள வேண்டியது.

இங்கேதான் தோட்டத்துச் சிக்கல் தொடங்குகிறது. கீழ்ப்படிதல் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது. விடியற்காலைத் தப்புச் சத்தம், பெரட்டுக்களம், கங்காணியின் குரல், துரை வரும்போது இறக்கிவிடும் மடித்த வேட்டி. மனம் அதில் சம்பந்தப்படவேண்டியதே இல்லை. உடம்பு வந்து நின்றால் போதும்.

1854ஆம் ஆண்டு கண்டியை மையமாகக் கொண்டு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. பெயரைக் கவனியுங்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். காடுமேடெல்லாம் நடந்து, எழுத்தறியாத மக்களுக்கு எழுத்தும் சொன்னார்கள். அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பணம் தந்தவர்களில் தோட்டத் துரைமார் முக்கியமானவர்கள். துரையின் பணத்தில், துரையின் அனுமதியோடு, துரையின் ஆட்களுக்குப் போதிக்கும்போது, எந்த வசனம் உரத்து ஒலிக்கும், எந்த வசனம் தொண்டைக்குள் நிற்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்ற வாக்கியத்தை நான் தோட்டத்து ஆராதனைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். எஜமான் நீதியும் செவ்வையுமானதைக் கொடுக்கக்கடவன் என்ற கொலோசெயர் நிருபத்தின் வாக்கியத்தைக் கேட்ட ஞாபகம் அரிது. யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரமோ, வயலை அறுத்தவனுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலியே வாய்திறந்து கூக்குரலிடுகிறது என்ற பொருள்பட எழுதப்பட்டது. கேகாலைப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களில், மழை பெய்தால் பால் வெட்டும் இல்லை, பேரும் இல்லை. இரத்தினபுரிப் பக்கம், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2021ஆம் ஆண்டில்தான் வர்த்தமானி ஏறியது; மறு ஆண்டே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. இவர்களுக்கு அந்த அதிகாரத்தை விளக்க வியாக்கியான நூல் வேண்டாம்.

இயேசு சொன்ன இரண்டு புதல்வர் உவமையும் ஒரு தோட்டத்தில் நிகழ்வதே. போகமாட்டேன் என்று மறுத்தவன் மனம் மாறிப் போனான். போகிறேன் ஐயா என்றவன் போகவில்லை. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கேகாலை மாவட்டம் நினைவுக்கு வரும். 1934-35இல் மலேரியாக் காய்ச்சல் அம்மாவட்டத்தைச் சூறையாடியபோது, மருந்தும் உணவும் சுமந்து குடிசை குடிசையாகச் சென்றவர்களில் முன்னின்றோர் என். எம். பெரேராவும் அவருடைய இடதுசாரித் தோழர்களும். அவர்கள் கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனவர்கள் அல்லர். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியதில் அந்த நடைக்குப் பெரும் பங்குண்டு. (பிற்கால சமசமாஜ அரசியல் வேறு கதை, அதை இங்கே பேசப் புகுந்தால் கட்டுரை முடியாது.)

சரியான உபதேசமும் மனப்பூர்வமான கீழ்ப்படிதலும் ஒருவரிடமே கூடி நின்றதற்கு உதாரணம் வேண்டுமெனில் நான் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவைச் சொல்வேன். 1962 முதல் குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் ஆயர். கேகாலையும் அதற்குள் அடங்கியதே. சிங்களவர், நாட்டின் செல்வாக்கான குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவர். சப்ரகமுவத் தோட்டத் தமிழருக்கோ 1977ஆம் ஆண்டும், 1981 ஆகஸ்டும், 1983 ஜூலையும் தீயின் ஆண்டுகள். 1981இல் இரத்தினபுரி மாவட்டத்தில் லயங்கள் எரிக்கப்பட்டபின் வடக்கு நோக்கி இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. 1983 வன்செயலுக்குப் பின் இந்த ஆயர், உடல்நலம் குன்றிய நிலையிலும் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிச் சென்றார். செப்டம்பரில் தம் மறைமாவட்டத்தாருக்கு ஆற்றிய உரையில், சிங்களவர் இந்த வெட்கத்தைத் தமதாக ஏற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கோரவேண்டும் என்றார். அக்டோபர் 23ஆம் திகதி அவர் காலமானார்.

மனந்திரும்புதல் என்பது எல்லாச் சபையின் விசுவாச அறிக்கையிலும் உள்ள சொல். அதைத் தமது இனத்தின் முகத்துக்கு நேரே, கொழுந்துவிட்டெரியும் காலத்தில், விலை கொடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

இப்படி எழுதினால் சில போதகர்கள் எனக்குப் பதில் சொல்வார்கள் என்று தெரியும்: கிருபையினால் இரட்சிப்பு, நீர் கிரியையைப் புகுத்துகிறீர், சுவிசேஷத்தை அரசியலாக்குகிறீர். முதலாவது ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் ரோமர் ஆறாம் அதிகாரத்தின் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் விடுதலை, பிறகே கீழ்ப்படிதல். அடிமை பயந்து செய்வதற்கும் விடுதலையானவன் விரும்பிச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு பெரட்டுக்களத்தில் நின்றவனுக்குத் தெரியாதா? இரண்டாவது ஆட்சேபத்துக்கு ஒரு கேள்விதான் பதில்: தொழிலாளி பணிந்துபோகவேண்டும் என்று போதித்தபோது அது அரசியலாகத் தெரியவில்லையே, ஏன்?

தொழிலாளியின் பக்கமும் கணக்கு உண்டு. ஜெபவீட்டில் முன்வரிசையில் அமர்ந்துகொண்டு அதே லயத்தில் வட்டிக்கு விடுபவரும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றுவிட்டுக் கலியாணப் பேச்சில் சாதி விசாரிப்பவரும் துரைமார் அல்லரே. ஓய்வுநாள் எது என்று விவாதிக்கும் சபைகளில் இவற்றை விவாதிக்க யாரும் கூட்டம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பெரிய திட்டம் எதையும் நான் முன்மொழியப் போவதில்லை. சம்பள வாரத்து ஞாயிறன்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தின் தொடக்கப் பகுதியைத் தோட்டத்துச் சபைகளில் வாசிக்கலாம். தோட்ட உத்தியோகத்தர்களும் வட்டிக்காரர்களும் அமர்ந்திருக்கும்போதே வாசிக்கலாம். ஆறே வசனங்கள்தான்.